கீழ்ப்பாக்கம் போவதை யார் முடிவு செய்தார்கள்?

1794-இல் சென்னை புரசைவாக்கத்தில் வாலன்டைன் கொனோலி என்ற ஆங்கிலேய மருத்துவர் மனநோயாளிகளுக்கென ஒரு வீட்டைத் திறந்தார். 16 பேர் தங்கலாம். 1871-இல் மனநோயாளிகளுக்கான அரசு விடுதி கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்துக்கு மாறியது. காலப்போக்கில் அந்த ஊர்ப்பெயரே ஏச்சாகிவிட்டது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேலி பேசினார்கள். அந்தக் கேலிக்கு அஞ்சி எத்தனை வீடுகள் நோயை மூடி மறைத்தன என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

பெயர் மட்டும் காரணமில்லை. உள்ளே போகும் வழியே அப்படித்தான் இருந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டார் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, இரண்டு மருத்துவச் சான்றிதழ் காட்ட வேண்டும். தெருவில் திரிபவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் நிறுத்தும். தானாக முன்வருபவருக்கும் இடமுண்டு. ஆனால் மருத்துவமனைப் பார்வையாளர்கள் இருவர் சம்மதிக்க வேண்டும். தூக்கம் வராமல் தவிப்பவரோ, பிள்ளை பெற்றபின் காரணமின்றி அழுதுகொண்டிருக்கும் பெண்ணோ இத்தனை படி ஏறுவார்களா?

அவர்கள் கோயிலுக்குப் போனார்கள். திருச்சிக்கு அருகே குணசீலத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்குவார்கள். உச்சிகாலப் பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படும். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்த கட்டுரை 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சராசரியாக ஆறு வாரத்தில் அவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே கிடைத்த பரிவும் அச்சமில்லாத சூழலுமே காரணமாகலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

பரிவில்லாத இடத்தில் நடந்தது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

ஆனால் மாற்றம் அதற்கு வெகு முன்பே தொடங்கியிருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் 1950-களிலேயே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தது. 1961-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளரான டாக்டர் சாரதா மேனன், மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு வரப் பாடுபட்டார். வந்து, காட்டிவிட்டு, மாலையில் வீடு திரும்பலாம் என்ற நிலை வந்த பிறகுதான், "போகலாமா?" என்ற கேள்வியையே வீட்டில் கேட்க முடிந்தது.

உளவியலாளர் இந்தக் கதையில் பிந்தி வந்தவர். பெங்களூரில் 1950-களின் நடுவில் அதற்கான பயிற்சி தொடங்கியது. அவர் மாத்திரை எழுத மாட்டார். பேச்சும் பயிற்சிகளுமே அவர் வைத்தியம். இன்றைக்கு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளியது: மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், சாப்பாடு, வேலை குலைந்தால் போய்ப் பார்க்கலாம். சாகத் தோன்றினால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது.

2017-ஆம் ஆண்டுச் சட்டம், வயது வந்தவர் தானே போய்ச் சேரவும், பொதுவாகத் தானே முடிவெடுத்து வெளியேறவும் வழி செய்தது. சேராமலே பேச விரும்புகிறவர்களுக்கு 2022 அக்டோபரில் டெலி மானஸ் வந்தது. எண் 14416, தமிழிலேயே பேசலாம். மனு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், துணைக்கு ஆளும் வேண்டாம்.