நான்கு கிண்ணங்களும் ஒரு குடமிளகாயும்

போட்டோ என்றால் நம் தலைமுறைக்கு ஆட்களைப் பிடிப்பதுதான். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ. அண்டா குண்டாவைப் படமெடுத்து பிலிமை வீணாக்கியவர் யாராவது உண்டா? ரோலுக்கு 36 படம், கழுவிப் பிரிண்டு போடும் செலவு வேறு. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு புகைப்படக்கலையின் வரலாற்றை உட்கார்ந்து படித்தபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. அந்தக் கலையின் பெரிய திருப்பங்கள் பலவும் வீட்டுச் சாமான்களை வைத்துத்தான் நடந்திருக்கின்றன.

முதல் ஆள் இங்கிலாந்துக்காரர் டால்பாட். 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக அவர் வெளியிட்ட 'தி பென்சில் ஆப் நேச்சர்' என்ற நூலில் மொத்தம் 24 படங்கள். அதில் ஒன்று அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் சாமான்கள். இவை திருடுபோனால் இந்தப் படத்தையே கோர்ட்டில் சாட்சியாகக் காட்டலாமே என்று எழுதுகிறார் மனிதர்! இன்னொன்றில் திறந்த கதவு, அதன் அருகே சாய்த்து வைத்த ஒரு துடைப்பம். அந்தத் துடைப்பக் கம்பின் சாய்வுக் கோடும் நிழலும்தான் படமே. பழைய டச்சு ஓவியர்கள் இப்படி எளிய பொருள்களை வரைந்திருக்கிறார்களே என்று அதற்கு ஒரு சமாதானமும் சொல்லிவைத்தார்.

பிறகு வந்தவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். போட்டோவும் கலைதான் என்று நிரூபிக்க, அதை ஓவியம் போலக் காட்ட வேண்டுமென்று நினைத்தார்கள். லென்ஸை மங்கலாக்கி, பிரிண்டில் கைவேலை செய்து, எல்லாம் பனிமூட்டத்துக்குள் இருப்பது போல் எடுத்துத் தள்ளினார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரிசு வாங்கிய படங்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

நியூயார்க்கைச் சேர்ந்த பால் ஸ்ட்ராண்ட் என்ற இளைஞரும் முதலில் அப்படித்தான் எடுத்தார். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற பெரியவர் நடத்திய கலைக்கூடத்துக்கு அடிக்கடி போவார். இந்த லென்ஸில் புல்லும் தண்ணீரும் ஒன்று போலத் தெரிகின்றனவே என்று பெரியவர் சுட்டிக்காட்டினார். பிக்காசோ போன்றோரின் புதுமாதிரி ஓவியங்களையும் ஸ்ட்ராண்ட் பார்த்திருந்தார். ஒரு உருவமும் அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் படம் நிற்கிறதே, எப்படி? இதைக் கண்டுபிடிக்க அவர் புத்தகத்தைத் தேடவில்லை. 1916 கோடையில், கனெக்டிகட் மாநிலத்தில் ட்வின் லேக்ஸ் என்ற ஊரில், சமையலறையிலிருந்து நான்கு கிண்ணங்களை எடுத்து வெயிலில் வைத்தார். கேமராவை மிக அருகில் கொண்டுபோனார். கிண்ணம் மறைந்து வளைவு, விளிம்பு, இருட்டு, வெளிச்சம் மட்டும் மிஞ்சின. வீட்டுத் தாழ்வாரத்தில் வட்ட மேஜையைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் மேல் கம்பிக் கிராதியின் நிழல் பட்டைபட்டையாக விழுவதையும் எடுத்தார். மறுவருடம் ஸ்டீக்லிட்ஸ் தன் 'கேமரா வொர்க்' பத்திரிகையின் கடைசி இதழை ஸ்ட்ராண்டுக்கே ஒதுக்கினார். அப்போது அதற்குச் சந்தாதாரர்கள் 40 பேர்கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு நானும் எங்கள் வீட்டு எவர்சில்வர் டபராவையும் டம்ளரையும் காலை வெயிலில் வைத்து செல்போனில் எடுத்துப் பார்த்தேன். பத்தரை மணி வெயிலில் டம்ளரின் நிழல் குட்டையாகி ஒன்றுமில்லாமல் போகிறது. ஏழரைக்கு அதே நிழல் தரை முழுக்க நீள்கிறது. அறுபது வருஷமாக அதில்தான் காபி குடிக்கிறேன். அதன் விளிம்பு நிழலில் முட்டை வடிவமாக விழுவதை இப்போதுதான் கவனித்தேன்.

ஜெர்மனியில் பிளாஸ்பெல்ட் என்ற ஆசிரியர் மாணவர்களுக்கு அலங்கார வேலை சொல்லிக்கொடுக்க, செடிகளின் தளிர்களையும் விதைகளையும் பல மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்தார். 1928இல் புத்தகமாக வந்தது. சுருண்ட பெரணித் தளிர் இரும்புக் கேட்டின் பூவேலை போலவே இருக்கும். அதே ஆண்டில் பாரிஸில் ஆந்த்ரே கெர்டெஸ், தட்டின் விளிம்பில் சாய்ந்த ஒரு முள்கரண்டியையும் அதன் நிழலையும் எடுத்தார். அவ்வளவுதான் படம். இன்றும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் என் ஓட்டு கலிபோர்னியாவின் எட்வர்ட் வெஸ்டனுக்குத்தான். அவரும் மங்கல் படங்கள் எடுத்துப் பரிசுகள் வாங்கியவர். மெக்சிகோ போய் மனம் மாறினார். 1925இல் அங்கே கழிவறைப் பீங்கானைக்கூட நாள்கணக்கில் மெனக்கெட்டு எடுத்தார். 1930 ஆகஸ்டில், கார்மெல் ஊரில், ஒரு குடமிளகாயைப் படுக்கவைத்த தகரப் புனலின் வாய்க்குள் வைத்தார். தகரத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் நாலாபக்கமும் அதைத் தழுவியது. எட்டுக்குப் பத்து அங்குல நெகடிவ். பெரிதாக்காமல் அதே அளவில் பிரிண்டு. படத்தின் பெயர் 'பெப்பர் நம்பர் 30'. அதற்கு முன் எத்தனை மிளகாய் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பார்த்தவர்கள் அதில் முதுகையும் தோளையும் கண்டார்கள். இன்னும் சிலர் வேறு மாதிரியும் பேசினார்கள். வெஸ்டனுக்கு அது பிடிக்கவில்லை. மிளகாய் மிளகாய்தான், ஆனால் வெறும் மிளகாயைவிட அதிகம் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி. ஸ்ட்ராண்டின் கிண்ணத்தில் கஞ்சி ஊற்ற முடியாது, வெறும் வளைவாகிவிட்டது. வெஸ்டனின் மிளகாயை இப்போதும் நறுக்கலாம். உண்மையில் அதுதான் நடந்தது. மாடலாக நின்ற மிளகாய்கள் வாடத் தொடங்கியதும் சாலடுக்குப் போயின. அவரே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.