தோட்டம் விட்டுப் பட்டணம் வந்த வரலாறு

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் பலரும் கடல் கடந்து வந்த பயணத்தையே விரித்துரைத்துள்ளனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதும், கங்காணியின் பின்னே காடு புகுந்ததும், பால்மரம் நட்டதும் நம் மேடைகளில் பலகாலும் பேசப்பட்டவை. ஆனால், அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மேற்கொண்ட இரண்டாம் பயணம் ஒன்றுண்டு. அது கெடா, பேராக், ஜொகூர் தோட்டங்களிலிருந்து கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் நோக்கி, லாரியிலும் பேருந்திலும் நிகழ்ந்தது. 1950-களில் தொடங்கி அரை நூற்றாண்டு நீடித்த இப்பயணத்தைக் குறித்துவைக்கக் கப்பல் பதிவேடு போன்றதொரு ஏடு இல்லை. ஆகவேதான் ஆசிரியர்களாகிய நாம் அதைப்பற்றிச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

தோட்டம் வெறும் வேலைத்தலம் அன்று. லயத்து வீடு, மருந்தகம், ஆயாக்கொட்டகை, கோயில், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் யாவும் ஒரே முதலாளியின் நிலத்தில் அமைந்திருந்தன. 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. இதனால் நன்மை விளைந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும், இவ்வமைப்பினுள் ஒரு பேரிடர் மறைந்திருந்தது. வேலை உள்ளவரைதான் வீடு. வேலை போனால் அன்றே வீடும் போம். மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தில் ஒரு சாண் நிலமும் பாட்டாளிக்கு உரிமையாக இருந்ததில்லை.

இக்கட்டு அவிழ்ந்ததற்குக் காரணங்கள் பல. முதலாவது, தோட்டத் துண்டாடல். நாடு விடுதலையை நெருங்கிய காலத்தில் வெள்ளை முதலாளிகள் சிலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றனர். சிறு துண்டுக்காரருக்கு லயமும் பள்ளியும் வேண்டாச் சுமைகளாயின. 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை உங்கு அஜீஸ் ஆராய்ந்து அறிக்கை அளித்தார். தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கிக் காக்கவேண்டும் என்னும் நோக்குடன் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். சங்கம் பல தோட்டங்களை மீட்டது. எல்லாவற்றையும் மீட்க அதனால் இயலவில்லை.

இரண்டாவது, குடியுரிமைச் சிக்கல். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்வதற்கு உரிமம் பெறவேண்டியதாயிற்று. அடுத்துவந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்கே கப்பலேறினர். மூன்றாவது, செம்பனை. பால்மரத்தை ஒன்றுவிட்டு ஒருநாளாவது வெட்டவேண்டும். செம்பனைக் குலையையோ பத்துப் பதினைந்து நாளுக்கொருமுறை அறுத்தாற் போதும். ஆகவே பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்த இடமெல்லாம் ஆட்தேவை குறைந்தது. அதே காலத்தில் தொழிற்சாலைகள் பெருகின. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தாராள வாணிப வட்டாரம் தோன்றியது. பால்வாளி சுமந்த தாயின் மகள் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்றாள்.

இவ்வரலாற்றில் வேறொரு விந்தையும் உண்டு. எல்லாரும் பட்டணத்தைத் தேடிப் போனார்கள் என்பதற்கில்லை. சிலரைப் பட்டணமே தேடி வந்தது. 1950-களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது எஃபிங்காம் தோட்ட நிலத்தில். 1970-களில் சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்தில். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம் நிற்பது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். 1990-களில் புத்ராஜெயாவுக்காக பிராங் புசார் முதலிய தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. இவர்களுக்குப் பட்டணம் சில கல் தொலைவுதான். ஆனால் வாழ்க்கை மாறிய தொலைவு, கெடாவிலிருந்து வந்தவருடையதினும் குறைந்ததன்று.

பட்டணம் வந்தவர் எவ்வாறு வாழத் தொடங்கினர்? செந்தூல் இரயில்வே பட்டறையிலும் பிரிக்பீல்ட்சிலும் முன்னரே தமிழர் வேரூன்றியிருந்தனர். ஆங்கே உறவினர் உடையோர் ஓர் அறையேனும் பெற்றனர். ஏனையோர் ஆற்றோரத்திலும் இரயில் பாதை ஓரத்திலும் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினர். தோட்டத்தில் நிர்வாகம் கொடுத்த தண்ணீர், விளக்கு, மருந்து ஒவ்வொன்றையும் இங்கே தாமே தேடிக்கொள்ள நேர்ந்தது. முதல் தலைமுறையின் உழைப்பில் பெரும்பங்கு இத்தேட்டத்திலேயே செலவாயிற்று. பட்டணத்து வறுமையைக் கண்டு இவர்களைச் சோம்பரென்று பழிப்போர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

மக்கள் பெயர்ந்தபோது பள்ளிகளும் ஆட்டங்கண்டன. 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. பிள்ளைகளற்ற தோட்டப் பள்ளிகள் சில மூடப்பட்டன, சில இணைக்கப்பட்டன, வேறு சில தம் பெயரோடு புறநகர்களில் மறுபடி எழுந்தன. எஃபிங்காம், சீபீல்டு என்னும் தோட்டப் பெயர்கள் இன்று பள்ளிகளின் பெயர்களாக நின்று நிலவுகின்றன. அங்குப் பயிலும் மாணவன், “ஐயா, அந்தத் தோட்டம் எங்கே?” என்று கேட்டால் மறுமொழி சொல்லும் கடமை நமக்கு உண்டு.

மறுமொழிக்குரிய சான்று நம் அலமாரியிலேயே இருக்கிறது. அதுதான் மாணவர் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், பெற்றோர் தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள், சென்ற பள்ளி ஆகிய ஐந்து குறிப்புகளில் ஒரு குடும்பத்தின் பெயர்ச்சி அடங்கிவிடுகிறது. எந்த ஆண்டில் பெயர்கள் கூட்டமாக விலகினவோ, அந்த ஆண்டில் தோட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்று வினவலாம். எந்த ஆண்டில் ‘பால்மரம் வெட்டுதல்’ என்பது ‘தொழிற்சாலை’ என்று மாறிற்றோ, அங்கே ஒரு காலம் முடிந்தது எனக் கொள்ளலாம்.

பள்ளி இடம் மாறும் நாளில் மேசையும் நாற்காலியும் கணக்கோடு ஏற்றப்படுகின்றன. பழைய ஏடுகளோ பலவிடங்களில் குப்பையோடு எரிக்கப்படுகின்றன. தலைமையாசிரியர்கள் இதனைத் தடுத்தல் வேண்டும். ஏட்டைப் பேணுக, படியெடுத்து வைக்க. ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவரைத் தம் தாத்தா பாட்டியிடம் அனுப்பி, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, ஏன் வந்தோம் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதி வரச் செய்க. விடை சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களுக்குப் பின் இந்த ஏடுகளே பேசும்.