மசக்கை மண்ணும் தாயின் ஈறும்

சங்கரன்கோவிலில் கோமதியம்மனை வணங்கித் திரும்புவோர் கையில் புற்றுமண் இருக்கும். ஆடித்தபசுக்குக் கூடும் மக்கள் அதை நெற்றியில் இடுவர். நோய் தீரும் என்று நம்பிச் சிறிது வாயில் போட்டுக்கொள்வோரும் உண்டு. அந்த மண்ணைக் காணும்போது நமக்குப் புறநானூற்றின் 20ஆம் பாடல் நினைவுக்கு வரும். சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மண்ணை மசக்கை கொண்ட மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் உண்ண இயலாது என்கிறார் குறுங்கோழியூர் கிழார். (மண் தின்றால் பல் தேயும் என்பது வேறு கதை.) சூல்கொண்டவளின் வாயைக் கவிஞர் கண்ட அளவுக்கு மருத்துவம் கண்டதா என்பதே நம் ஐயம்.

கர்ப்பிணிக்கு ஈறு வீங்கி, பல் துலக்குகையில் குருதி கசிந்தால், 'பிள்ளை சுண்ணாம்பை இழுக்கிறது, பல் ஆடத்தான் செய்யும்' என்பது வீட்டுத் தீர்ப்பு. ஐரோப்பியரும் பிள்ளைக்கொரு பல் போகும் என்றே சொல்லிவந்தனர். உண்மையில் பல்லின் சுண்ணாம்பு கருவுக்குப் போவதில்லை. அக்காலத்தில் பெருகும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் சுரப்புகளால், பல்லோரம் படியும் கிருமிப்படலத்தை எதிர்த்து ஈறு மிகையாகச் சிவந்து வீங்குகிறது. படலத்தை அகற்றினால் வீக்கம் தணியும். 1877-இல் பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் பினார் இதனைப் பதிவுசெய்தார். 1963-இல் லோ, சில்னஸ் இருவரும் கர்ப்பிணிகளின் ஈற்றழற்சியை முறையாக அளந்தனர்.

அதன் பின் நடந்ததுதான் நம்மை உறுத்துகிறது. ஈறுநோய்க்கும் குறைமாத, எடை குறைந்த பிறப்புக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1996-இல் வட கரோலினாவின் ஆஃபன்பாக்கர் குழு எழுதிய பிறகே தாயின் வாய் மகப்பேற்று ஆய்வாளரின் பெருங்கவனத்தைப் பெற்றது. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று ஈறுநோயுள்ள 823 கர்ப்பிணிகளைக் கண்காணித்தது. சிகிச்சையால் ஈறு தேறியது. தாய்க்கோ சேய்க்கோ தீங்கில்லை. ஆயின் குறைமாதப் பிறப்பு குறையவில்லை. முதன்மைக் கேள்வி குழந்தையைப் பற்றியதாகவே இருந்ததால் முடிவு தோல்வியாக வாசிக்கப்பட்டது. ஒருத்தி வலியின்றி உண்டாள் என்பது எந்தக் கணக்கில் சேரும்?

நம் வீடுகளிலோ, பிள்ளை பிறக்கட்டும், பிறகு பல்லைப் பார்க்கலாம் என்பார்கள். அவசரமெனில் எம்மாதத்திலும் பல் மருத்துவம் செய்யலாம். நான்கிலிருந்து ஆறாம் மாதம் வரை அவளுக்கு வசதியான காலம். ஏழாம் மாதம் வளைகாப்பிட்டுப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் ஊட்டுகையில் அக்காலம் கடந்துவிட்டிருக்கும்.