தசைநாரும் மறந்த உண்மையும்

மூட்டை சுமக்கும் தொழிலாளியின் தோளும் ஏடெழுதும் புலவரின் விரலும் ஒரே வகைத் தசைநாரினாலேயே இயங்குகின்றன. மயிரினும் மெல்லிய அந்நாரின் உள்ளமைப்பை மனிதன் கண்டறிந்த வரலாறு, அறிவை நாடும் அன்பர்களுக்குத் தக்கதொரு படிப்பினையாகும்.

ஒல்லாந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்தவர் லீவன்ஹூக். அவர் சர்வகலாசாலை புகாதவர். அக்காலப் பண்டிதர் மொழியாகிய லத்தீனும் அறியாதவர். தாமே செய்த பூதக்கண்ணாடியால் தசைநாரை நோக்கி, அதன் குறுக்கே வரிகள் இருப்பதை 1682-ஆம் ஆண்டில் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். 1840-இல் வில்லியம் பௌமன் என்னும் ஆங்கில வைத்தியர், கரும்பட்டையும் வெண்பட்டையும் மாறிமாறி அமைந்த அவ்வரிகளை விரிவாக விளக்கினார்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணோக்கி வல்லார் சிலர் மற்றோர் உண்மையையும் கண்டனர். தசை சுருங்குங்கால் வெண்பட்டையே குறுகுகின்றது. கரும்பட்டையின் அகலம் மாறுவதில்லை என்பதே அது. ஆனால், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தசையின் இரசாயன ஆராய்ச்சி மேலோங்கியது. நீண்ட புரத அணுத்திரள்கள் மடிந்து குறுகுவதாலேயே தசை சுருங்குகின்றதெனப் பலர் நம்பினர். முன்னோர் கண்ணாற் கண்ட உண்மை பெரும்பாலும் மறக்கப்பட்டது!

அது மீண்டது 1954-ஆம் ஆண்டு மே மாதத்தில். கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும் தவளையின் உயிர்நாரையும், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சன் அம்மையாரும் முயலின் தசையையும் ஆராய்ந்தனர். ஹக்ஸ்லியர் இருவரும் உறவினரல்லர். எனினும், இரு சாராரும் ஒரே முடிவை எய்தி, 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வெளியிட்டனர். கரும்பட்டையில் மையோசின் என்னும் தடித்த இழைகள் உள்ளன. ஆக்டின் என்னும் மெல்லிழைகள் வெண்பட்டையிலிருந்து அவற்றினூடே நீள்கின்றன. இரு கை விரல்களையும் கோத்து நெருக்கினால் விரல் குறுகுவதில்லை, கைகளே நெருங்குகின்றன. அங்ஙனமே இழைகள் தம் நீளம் குன்றாமல் ஒன்றினூடொன்று வழுக்கிச் செல்லத் தசை சுருங்குகின்றது.

பழைய நுண்ணோக்கியர் கண்டதைப் பின்வந்தோர் கைவிட்ட கதையைப் பிற்காலத்தில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியே எடுத்துரைத்தார். பழைமை என்பதற்காக ஒன்றைப் போற்றுதல் மடமை என நாம் பலகாலும் கூறுகின்றோம். பழைமை என்பதற்காகவே சோதியாது தள்ளுதலும் மடமையே என்பதைத் தசைநார் நமக்குக் கற்பிக்கின்றது. பட்டம் பெறாத துணி வணிகர் கண்டாலென்ன, கலாசாலைப் பேராசிரியர் சொன்னாலென்ன? மீண்டும் கண்கொண்டு நோக்கித் தேர்ந்து தெளிதலே பகுத்தறிவாகும்.