கிறிஸ்துமஸ் சந்தையில் கைவினைப் பொருள்கள்

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிரான்சின் அல்சாஸ் பகுதியிலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஏறத்தாழ நான்கு வாரங்கள், ஊர் நடுவிலுள்ள சதுக்கத்தில் மரச் சாவடிகள் போட்டு நடத்தப்படுவது கிறிஸ்துமஸ் சந்தை. வறுத்த பாதாமும் இஞ்சி ரொட்டியும் மசாலா சேர்த்துச் சூடாக்கிய ஒயினும் விற்கும் அதே வரிசையில், கடைசல் மரப் பொம்மை, ஊதிச் செய்த கண்ணாடி உருண்டை, காகித நட்சத்திரம், தேன்மெழுகுவத்தி, கம்பளிப் பின்னல் ஆகியவையும் விலைபோகின்றன. கூட்டம் வருவது பெரும்பாலும் தின்னவும் குடிக்கவும்தான். ஆனாலும் சந்தைக்குப் பெயர் வாங்கித் தருவது கைவினை. நகரங்கள் வெளியிடும் எந்தச் சுற்றுலா விளம்பரத்திலும் முன்னால் நிற்பது பொம்மையே. இந்தக் கைவினை நிலைப்பதற்கும் மறைவதற்கும் வாங்குபவரின் ரசனையே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சந்தைகளின் வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: சதுக்கத்தில் யாருக்கு இடம், எந்த நிபந்தனையில், என்ன வாடகைக்கு என்று இடத்தின் சொந்தக்காரர் எடுக்கும் முடிவுக்கே இதில் பெரும் பங்கு.

டிரெஸ்டன் நகரின் ஸ்ட்ரீட்செல் சந்தை 1434இல் சாக்சனி ஆட்சியாளர் இரண்டாம் ஃபிரெடரிக் அளித்த அனுமதியால் தொடங்கியது. அப்போது அது பண்டிகைக்கு இறைச்சி வாங்கும் ஒருநாள் சந்தை. கைவினைஞர்கள் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்கில் புனித நிக்கோலஸ் பெயரில் நடந்துவந்த சந்தையைச் சீர்திருத்தச் சபையார் கைவிடச் செய்ய, 1570இல் அது குழந்தை இயேசுவின் பெயருக்கு மாறியது. நியூரம்பெர்க் சந்தைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று, 1628ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துள்ள ஒரு சிறிய மரப்பெட்டி. சந்தையில் வாங்கி அன்பளிப்பாகக் கொடுத்த பொருள் அது. அதே நகரில் 1737 வாக்கில் ஏறத்தாழ எல்லாத் தொழில் பிரிவுகளிலிருந்தும் 140 பேர் விற்பனை உரிமை பெற்றிருந்தார்கள். உரிமை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது கைத்திறனுக்குக் கிடைத்த பரிசன்று. நகர மன்றமும் கைவினைஞர் சங்கங்களும் சேர்ந்து பங்கிட்ட சலுகை. சலுகையைத் திரும்பப் பெறவும் முடியும். பெர்லினில் 1873இல் அரண்மனைக்கு எதிரே லுஸ்ட்கார்டன் திடலுக்கு மாற்றப்பட்ட சந்தை, நகர மையத்து வணிகர்களின் நெருக்குதலால் 1890களில் அங்கிருந்து கிளப்பப்பட்டு ஊரின் ஓரத்துக்குப் போனது. பொம்மை செய்தவர்களின் கைத்திறன் அந்த இருபது ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை. குறைந்தது அவர்கள் நின்ற இடத்தின் மதிப்பு.

இடம் இல்லாத கைவினைஞரின் நிலைக்குச் சைஃபன் கிராமம் நல்ல சான்று. செக் எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் உள்ள இந்த ஊர் வெள்ளீயச் சுரங்கத்தால் வாழ்ந்தது. சுரங்கம் நொடித்தபோது, தாதுவை இடிக்கப் பயன்பட்ட நீர்ச்சக்கரங்களில் கடைசல் பட்டறைகளை இணைத்துக்கொண்டு மக்கள் மரவேலைக்கு மாறினார்கள். 1800ஐ ஒட்டி அங்கே உருவானது வளையக் கடைசல். ஈரம் காயாத ஸ்ப்ரூஸ் மரத்துண்டைக் கடைசலில் ஏற்றி, உளியால் பள்ளமும் மேடுமாக வளையம் கடைவார்கள். சுழலும்போது அதில் உருவம் எதுவும் தெரியாது. வளையத்தைக் குறுக்கே துண்டுதுண்டாகப் பிளந்தால்தான் ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் குதிரையோ பசுவோ யானையோ வெளிப்படும். பிறகு காதும் வாலும் ஒட்டி, ஓரம் சீவி, வண்ணம் பூச வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலரே என்பதால் அருங்கலையாகக் கொண்டாடுகிறார்கள். கண்டுபிடித்தவர்கள் நினைத்ததோ அதற்கு நேர் எதிர்: ஒரே வளையத்தில் டஜன் கணக்கில் பிராணிகளை எடுத்து மலிவாகத் தள்ளுவதற்கான உபாயம் அது. கைவேலை என்றாலே அரிது, மெதுவானது என்ற எண்ணம் பின்னாளில் நகரத்தார் ஏற்றிச் சொன்னது. அந்தப் பொம்மைகளை உலகெங்கும் விற்று இலாபம் பார்த்தவர்கள் இடையில் நின்ற மொத்த வியாபாரிகள். செய்தவர் குடும்பம் குழந்தைகளோடு உட்கார்ந்து வேலைசெய்தும் அரைவயிற்றுக் கஞ்சிதான்.

துரிங்கியாவின் லாவுஷாவிலும் இதுவே நடந்தது. 1597இல் கண்ணாடி உலை அமைந்த அந்த ஊரில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிறிஸ்துமஸ் மரத்துக்கான கண்ணாடி உருண்டைகளை ஊதத் தொடங்கினார்கள். 1867இல் எரிவாயு நிலையம் வந்ததும் சுடரைக் கட்டுக்குள் வைத்து மெல்லிய சுவருள்ள பெரிய உருண்டைகளைச் செய்ய முடிந்தது. அப்பா ஊத, அம்மா உள்ளே வெள்ளிப் பூச்சு ஏற்ற, பிள்ளைகள் வண்ணம் தீட்டினார்கள். 1880களில் அமெரிக்கச் சில்லறை வணிகர் ஃபிராங்க் வுல்வொர்த் இந்தச் சரக்கை வாங்கத் தொடங்கியதும் ஏற்றுமதி பெருகியது. விலையை முடிவு செய்ததோ அருகிலிருந்த சோனபெர்க் நகரத்துத் தரகு வணிகர்கள். டிரெஸ்டன் சதுக்கத்திலும் வறுமை கண்ணுக்குத் தெரிந்தது. உலர்ந்த பிளம் பழங்களைக் குச்சியில் கோத்துச் செய்த புகைபோக்கி துடைப்பவர் பொம்மையை ஏழைக் குழந்தைகள் குளிரில் நின்று விற்றார்கள். லூட்விக் ரிஷ்டர் 1853இல் மரச்செதுக்கு ஓவியமாக்கியது அந்தக் குழந்தைகளைத்தான். ஆகவே, கையால் செய்தது என்ற ஒன்றைக் கொண்டே ஒரு பொருள் நியாயமானதாகிவிடாது என்று மறுப்பவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்த மறுப்பு இங்கே சொல்லப்படும் கருத்துக்கு வலுவே சேர்க்கிறது: தன் பெயரில் விற்கும் இடம் உள்ள கைவினைஞரும், இடம் இல்லாமல் வணிகரிடம் ஒப்படைத்தவரும் ஒரே உளியைப் பிடித்தாலும் ஒரே வாழ்க்கையை வாழவில்லை.

தரமானதை வாங்குபவரே தேர்ந்தெடுத்துக்கொள்வார், நகராட்சி ஏன் தலையிட வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. சந்தை நடைமுறை தெரிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். சாவடி முன் ஓரிரு நிமிடம் நிற்பவருக்குக் கடைந்த பொம்மையையும் அச்சில் வார்த்த பொம்மையையும் வேறுபடுத்தத் தெரியாது. இரண்டின் மேலும் ஒரே வண்ணம், இரண்டும் ஒரே விளக்கொளியில். சைஃபனில் ஃபுக்ட்னர் குடும்பத்தின் வில்ஹெல்ம் ஃபுக்ட்னர் 1870 வாக்கில் வடிவமைத்த, ராஜா உடையில் வாயைப் பிளந்து நிற்கும் கொட்டை உடைக்கும் பொம்மை ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப்படிகள் உண்டு. கிழக்காசியாவிலிருந்து இறக்குமதியாகும் நகல் அதன் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். இதைவிடக் கடுமையான போட்டி சூடான ஒயினிடமிருந்து வருகிறது. ஒரு கோப்பை ஒயினை ஊற்றிக் காசு வாங்க அரை நிமிடம் போதும். ஒரு பொம்மையை விற்க, எந்த மரம், எத்தனை நாள் வேலை, ஏன் இந்த விலை என்று பொறுமையாகப் பேச வேண்டும். பேசிய பிறகும் பாதிப்பேர் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சதுர மீட்டருக்கு யார் கூடுதல் வாடகை தருகிறாரோ அவருக்கே இடம் என்று ஏலம் விட்டால், சில ஆண்டுகளில் சதுக்கம் முழுவதும் ஒயின் கடையாகிவிடும். இது யாருடைய ரசனையின் தோல்வியும் அல்ல, வாடகைக் கணக்கின் விளைவு. அதனால்தான் உணவுச் சாவடிக்கு ஒரு கட்டணம், கைவினைக்குக் குறைந்த கட்டணம் என்று பிரிக்கும் நகரங்கள் இருக்கின்றன. வியன்னாவின் கார்ல்ஸ்பிளாட்ஸ் சந்தையில் விற்பவர்களை நடுவர் குழு தேர்ந்தெடுக்கிறது. நியூரம்பெர்க் பிளாஸ்டிக் தோரணங்களையும் பதிவுசெய்த இசையையும் தன் சதுக்கத்தில் அனுமதிப்பதில்லை.

இப்படி இடத்தைப் பங்கிடுவது பொதுக் கடமையா, நகரத்தின் விருப்பமா என்பதை ஜெர்மன் சட்டமும் எடைபோட்டிருக்கிறது. தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, அறிவிக்கப்பட்ட சந்தையில் பங்கேற்க உரியவர் எவருக்கும் உரிமை உண்டு; இடம் போதாதபோது தகுந்த காரணத்தோடு மட்டுமே ஒருவரை விலக்கலாம். ஓஃபன்பாக் நகரம் தன் கிறிஸ்துமஸ் சந்தையை முழுவதும் தனியாரிடம் ஒப்படைத்தபோது வழக்கு கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வரை சென்றது. பண்பாட்டு மரபுள்ள சந்தைமீதான பொறுப்பை நகராட்சி அப்படி முற்றிலும் கைகழுவ முடியாது என்று 2009 மே மாதம் தீர்ப்பு வந்தது. இடம் கிடைக்காதவர் காரணம் கேட்கலாம் என்ற இந்த வசதி, 1737இன் 140 பேர் பட்டியலுக்கு வெளியே நின்றவர்களுக்கு இருக்கவில்லை. பழைய சங்க முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கட்டுப்பாடு போட்டால் கைவினை அருங்காட்சியகப் பொருளாக உறைந்துவிடும் என்ற அச்சத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது. மரபு என்ற பெயரில் அரசியல் புகுந்ததற்கும் சான்று உண்டு: 1933இல் நாஜிகள் நியூரம்பெர்க் சந்தையை நகர மையத்துக்குக் கொண்டுவந்து, ஆடம்பரத் தொடக்க விழாவோடு தங்கள் காட்சிப் பொருளாக்கினார்கள். ஆனால் விதி கேட்க வேண்டிய கேள்வி யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பதே; என்ன செய்தார் என்று கேட்கும்போதுதான் கலை உறைகிறது. இன்று மரபுச் சின்னமாகிவிட்ட பொம்மைகளும் ஒரு காலத்தில் புதுச்சரக்கே. கிரேட்டே வெண்ட், கிரேட்டே கூன் என்ற இரு பெண்கள் 1915இல் க்ரூன்ஹைனிஷனில் தொடங்கிய பட்டறை, பச்சைச் சிறகில் பதினொரு வெள்ளைப் புள்ளி வைத்த தேவதை இசைக்குழுவை உருவாக்கியது. அதற்கு 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. கிழக்கு ஜெர்மன் அரசு 1972இல் அந்தப் பட்டறையை அரசுடைமையாக்கியது; 1990இல் குடும்பத்திடம் திரும்பியது. நடுவில் எர்ட்ஸ்கெபிர்கேயின் சரக்கில் பெரும்பகுதி அந்நியச் செலாவணிக்காக மேற்கே போனதால், உள்ளூர்க் கடைகளில் அது கிடைப்பதே அரிதாக இருந்தது.

செய்யும் இடத்தைச் சட்டத்தால் காக்கும் முயற்சி ஐரோப்பாவில் தாமதமாகவே வந்தது. டிரெஸ்டனின் கிறிஸ்துமஸ் ரொட்டியான ஸ்டோலனுக்கு 2010இலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அதே சந்தையில் பக்கத்துச் சாவடிப் பொம்மைக்கு அந்த வசதி இருக்கவில்லை. கைவினைப் பொருள்களுக்கான ஒன்றிய விதி 2023இல் இயற்றப்பட்டு, 2025 டிசம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் தொடக்கத்திலேயே கைவினையைச் சேர்த்துக்கொண்டதால், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை இந்த விஷயத்தில் சைஃபனை முந்திவிட்டது. குறியீடு பெயரைக் காக்கும், சாவடி வாடகையைக் குறைக்காது; அதை முடிவுசெய்வது இடத்தின் சொந்தக்காரரே. இங்கிலாந்தின் லிங்கன் நகரம் ஜெர்மன் சந்தையைப் பார்த்து 1982இல் பதினொரு சாவடிகளோடு தொடங்கிய கிறிஸ்துமஸ் சந்தை, கூட்டம் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகியதால் 2023இல் நகர மன்றத்தாலேயே நிறுத்தப்பட்டது. வாங்க ஆளில்லாமல் அது மூடப்படவில்லை.