கைதியே காவலன்: சிங்கப்பூரில் ஓர் உத்தியோக ஏணி

ஜெயில் வார்டர் வேலைக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விடும். போலீஸ், தீயணைப்பு, சிறை மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல், சான்றிதழ் சரிபார்ப்பு. விண்ணப்பிப்பவர் மேல் வழக்கு எதுவும் இருக்கக் கூடாது என்பதில் ரொம்பக் கறாராக இருப்பார்கள்.

சுமார் 170 வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் இதற்கு நேர் தலைகீழாக ஒரு ஏற்பாடு இருந்தது. அங்கே வார்டர் ஆக வேண்டுமென்றால் முதல் தகுதியே தண்டனை பெற்ற கைதியாக இருப்பதுதான். கொலை, கொள்ளை என்று தீவாந்திர சிட்சை வாங்கிக் கப்பலேறிய ஆட்கள், சில வருஷம் கழித்து மற்றக் கைதிகளுக்குக் காவலாக நின்றார்கள். அந்தச் சிறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த மக்நேர் என்ற ராணுவ எஞ்சினியர், பெய்லிஸ் என்ற சக அதிகாரியோடு சேர்ந்து 1899இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'கைதிகளே தங்கள் காவலர்கள்'. ஓய்வு பெற்ற அதிகாரியின் பெருமிதம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் படித்தால் அருமையான புத்தகம்.

கதை சிங்கப்பூரில் ஆரம்பிக்கவில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பெங்கூலன் என்று ஓர் ஊர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அங்கே மிளகு வியாபாரம், ஒரு கோட்டை, தீராத காய்ச்சல். கூலிக்கு ஆள் கிடைக்காத ஊர் அது. 1787 முதல் இந்தியக் கைதிகளை அங்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். 1818இல் ராஃபிள்ஸ் அங்கே கவர்னராகப் போனபோது சில நூறு கைதிகள் இருந்தார்கள். அவர்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கலாம் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். நன்னடத்தை உள்ளவர்கள் நிலத்தில் குடியேறலாம், கோர்ட்டில் சாட்சி சொல்லலாம். நடுவில் இருப்பவர்கள் சாதாரண வேலை செய்வார்கள். திருந்தாதவர்களுக்குக் கடும் வேலை. கைதிக்கு ஒரு 'மேலே' இருக்கிறது என்று காட்டியதுதான் இதில் புதுசு. ஏணி என்று ஒன்று இருந்தால்தானே ஏறத் தோன்றும்?

1824இல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் ஒப்பந்தமாகி பெங்கூலன் கை மாறியது. கைதிகளைக் காலி செய்ய வேண்டி வந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். 1825 ஏப்ரல் 18 அன்று 'ஹொரேஷியோ' என்ற கப்பலில் சிங்கப்பூருக்கு வந்த முதல் தொகுதி 80 பேர். எல்லாரும் மதராஸ் மாகாணத்துக் கைதிகள். ஒரு வாரம் கழித்து வங்காளத்திலிருந்து தண்டிக்கப்பட்ட 122 பேர் வந்தார்கள். அப்போது சிங்கப்பூர் ஆறு வயதுக் குழந்தை. ரோடு இல்லை, பாலம் இல்லை, சதுப்பும் காடும்தான். இந்தக் கைகளுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

பெங்கூலனில் ஓரளவு சுதந்திரமாக இருந்தவர்களுக்கு இந்த மாற்றம் இடியாக இறங்கியது. பினாங்குக்கு வந்ததும் பழைய சலுகைகள் பறிபோயின. சிலர் எங்களுக்கு ஏற்கெனவே விடுதலை கொடுத்தாயிற்று என்று மனு போட்டார்கள். கைதி மனு போடுகிறான், அதுவும் உரிமை கேட்டு! இந்தத் தரப்பைத் தோண்டி எடுத்த வரலாற்றாசிரியர்களில் ஆனந்த் யாங் முக்கியமானவர். அவர் எடுத்துக் காட்டுகிற ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. இந்தக் கைதிகள் தங்களைக் கைதி என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'கம்பெனி கே நௌக்கர்' என்று சொல்லிக்கொண்டார்கள். நம்மூர்ப் பழைய வழக்கில் சொன்னால் கும்பினியார் வேலைக்காரர்கள். காலில் விலங்கு பூட்டியவன் தன்னை உத்தியோகஸ்தன் என்கிறான். முதலில் இது வெறும் ரோஷம் என்று தோன்றும். ஆனால் கொஞ்ச காலத்தில் நிர்வாகமே அதை நிஜமாக்கியது.

எப்படி என்றால், காசுப் பிரச்சினையால். ஆரம்பத்தில் கைதிகளைக் காவல் காக்க வெளியிலிருந்து சம்பளத்துக்குப் பியூன்களை வைத்தார்கள். அந்தச் சொற்பச் சம்பளத்துக்கு நல்ல ஆள் வரவில்லை. வந்தவர்கள் கைதிகளிடமே கை நீட்டினார்கள். அந்த இடத்தில் கைதிகளிலிருந்தே ஆளைப் பொறுக்கி வைத்தபோது செலவு குறைந்தது. வேலையும் ஒழுங்காக நடந்தது. அதனால் சம்பளக் காவலர்களைப் படிப்படியாக விலக்கினார்கள். முதலில் சிக்கனம், அப்புறம்தான் சீர்திருத்தம் என்ற பெயர். மக்நேர் இதை மனிதாபிமானத்தின் வெற்றியாக எழுதுகிறார். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்லாப்பெட்டி அதற்கு முன்னால் நிற்கிறது.

1845இல் கவர்னர் பட்டர்வொர்த் காலத்தில் விதிகளைத் தொகுத்து எழுதினார்கள். அதில் ஆறு வகுப்புகள். புதுசாக வந்து இறங்கியவன் நாலாம் வகுப்பு, காலில் லேசான விலங்கு. கொஞ்ச காலம் ஒழுங்காக இருந்தால் மூன்றாம் வகுப்பு. விலங்கு கழன்றுவிடும், ரோட்டு வேலை, கட்டட வேலை. அதிலிருந்து இரண்டாம் வகுப்பு, இங்கேதான் வார்டர்கள். ஆஸ்பத்திரியிலும் அரசாங்க ஆபீசிலும் வேலை பார்த்த கைதிகளும் இதே வகுப்புதான். முதல் வகுப்புக்குப் போனால் 'டிக்கெட் ஆஃப் லீவ்'. வெளியே போய்ச் சொந்தமாகப் பிழைத்துக்கொள்ளலாம், குறித்த நாளில் வந்து ஆஜர் கொடுத்தால் போதும். தப்பு செய்து கீழே தள்ளப்பட்டவன் ஐந்தாம் வகுப்பு, கனத்த விலங்கு. ஆறாவது, வேலை செய்ய முடியாத கிழடுகளுக்கும் நோயாளிகளுக்கும்.

இரண்டாம் வகுப்புக்குள்ளேயும் சின்னச் சின்னப் படிகள். பியூன், அதற்கு மேல் 'டிண்டல்', இன்னும் மேலே ஜமேதார். இந்த 'டிண்டல்' நமக்குத் தெரிந்த சொல்தான். தண்டல். வரி வசூல் தண்டல் வேறு, கப்பலோட்டிகளின் தண்டல் வேறு. தூத்துக்குடித் தோணியில் ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிறவன் தண்டல். வல்வெட்டித்துறைப் பக்கம் தண்டையல் என்பார்கள். கடற்கரையிலிருந்து ஆங்கிலேயர் வாய்க்குப் போய், அங்கிருந்து சிறைக்குள் நுழைந்து, ஒரு பதவிப் பெயராகிவிட்டது. கப்பலில் ஒரு கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதும் கற்குவாரியில் ஒரு கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதும் ஒரே மாதிரி வேலையாகத் தோன்றியிருக்கிறது போல.

டிண்டலின் வேலை காலையில் தலை எண்ணுவதில் தொடங்கும். தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். செங்கல் சூளை, கற்குவாரி, ரோடு, சாக்கடை. சாயங்காலம் அத்தனை பேரையும் குறையாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பல கூட்டங்கள் ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கி வேலை செய்தன. அங்கே வெள்ளைக்கார அதிகாரி எப்போதாவது எட்டிப் பார்ப்பதோடு சரி. கூட்டத்துக்கு அரசாங்கம் என்றால் அந்த டிண்டல்தான். ஒருத்தன் காட்டுக்குள் ஓடினால் இவன் பதில் சொல்ல வேண்டும். பதவி போகும், விலங்கு திரும்பி வரும். 1849 வரை ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் இருந்தது. அந்த நெற்றியோடு ஒருவன் இன்னொருவனை மேய்த்துக்கொண்டு ஊர் நடுவே போவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

வெறும் மண்வெட்டி வேலை மட்டுமில்லை. தச்சு, கொல்லு, கல்தச்சு, அச்சு என்று சிறைக்குள்ளேயே தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். பிராஸ் பாசா சாலையில் இருந்த சிறையைக் கட்டியதே கைதிகள்தான். தன்னை அடைக்கும் சுவரைத் தானே எழுப்புவது! செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் உழைப்புதான், 1862இல் பிரதிஷ்டை ஆனது. அதன் உள்சுவர்ப் பூச்சு 'மதராஸ் சுண்ணாம்பு'. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் போட்டு அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று ஜனாதிபதி மாளிகையாக இருக்கிற இஸ்தானா, மக்நேரே வடிவமைத்துக் கைதிகளை வைத்து 1869இல் முடித்தது.

சரி, இந்த ஏற்பாடு நல்லதா? உழைத்தால் விலங்கு கழலும், பதவி வரும், கடைசியில் சிறைக்கதவே திறக்கும் என்ற கணக்கு ஒரு மனிதனை நிமிர்த்தும், சந்தேகமில்லை. டிக்கெட் வாங்கி வெளியே போனவர்கள் மாடு வளர்த்தார்கள், வண்டி ஓட்டினார்கள், உள்ளூரிலேயே குடும்பமானார்கள். ஆனால் அந்தப் படியில் ஏறும் வழி இன்னொருத்தன் முதுகு வழியாகத்தான் போகிறது. கீழே இருப்பவனின் தப்பைச் சொல்கிறவனுக்கு மேலே போக வாய்ப்பு. தப்பை மறைக்கிறவனுக்குக் கீழ்கூட்டத்தின் நன்றி, கூடவே ஏதாவது கையில் வரும். ஒவ்வொரு டிண்டலும் இதில் எங்கே நின்றான் என்பதை அந்தப் புத்தகம் சொல்லாது. அது மேலிருந்து பார்த்து எழுதியது. மேலிருந்து பார்த்தால் எண்ணிக்கை சரியாக இருந்ததா என்பதுதான் தெரியும்.

1857இல் வட இந்தியாவில் கிளர்ச்சி வெடித்ததும் சிங்கப்பூர் வெள்ளைக்கார வியாபாரிகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் ரோடு போட்டுக் கொடுத்த கைதிகள் திடீரென்று வெடிமருந்து மூட்டையாகத் தெரிந்தார்கள். கிளர்ச்சிச் சிப்பாய்களையும் இங்கே கொட்டிவிடுவார்கள் என்று கவலை வேறு. இந்தியாவின் குப்பைத்தொட்டியா நாங்கள் என்ற கோபம், சிங்கப்பூரை இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிக்கக் கேட்ட கோரிக்கையில் ஒரு பெரிய பங்கு. 1867 ஏப்ரல் 1இல் பிரிந்தது. 1873இல் கைதிச் சிறையை மூடினார்கள். தண்டனை மிச்சமிருந்தவர்கள் அந்தமானுக்குப் போனார்கள்.

ஏணியும் கூடவே அந்தமானுக்குப் போனது என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையில் முன்னாலேயே போய்விட்டது. 1858இல் போர்ட் பிளேரில் கொடியேற்றிய ஹென்றி மான், அதற்கு முன் சிங்கப்பூரில் கைதிகளை நிர்வகித்தவர். பெட்டி ஆபீசர், டிண்டல், ஜமேதார் என்று அங்கேயும் அதே படிகள். செல்லுலார் சிறையில் இருந்த அரசியல் கைதிகளின் நினைவுகளில் இந்தப் பெட்டி ஆபீசர்கள் வருகிற இடங்களைப் படித்தால், மக்நேர் வர்ணித்த ஆட்கள்தானா இவர்கள் என்று தோன்றும். பதவிப் பெயர் ஒன்றுதான். ஆனால் சிங்கப்பூர் டிண்டல் கூட்டத்தோடு வெளியே ரோட்டில் இருந்தான். இவர்கள் பூட்டிய கதவுகளுக்கு நடுவில், செக்கில் இத்தனை ராத்தல் எண்ணெய் வந்ததா என்று அளந்துகொண்டிருந்தார்கள்.

இந்தியாவின் உள்நாட்டுச் சிறைகளிலும் இதே மாதிரி மூன்று படி. இரவுக் காவல்காரன், ஓவர்சியர், வார்டர், மூவரும் கைதிகள். 1894ஆம் வருஷச் சிறைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிறை அதிகாரியாக நியமிக்கப்பட்ட கைதி இந்திய தண்டனைச் சட்டத்தின்படி 'பொது ஊழியர்' என்று எழுதி வைத்தது. கும்பினி வேலைக்காரன் என்று அன்று அவர்கள் சொல்லிக்கொண்டதற்குச் சட்டமே முத்திரை குத்திய மாதிரி!

1919-20இல் மதராஸ் ஐ.சி.எஸ். அதிகாரி அலெக்சாண்டர் கார்ட்யூ தலைமையில் ஒரு குழு இந்தியச் சிறைகளை ஆராய்ந்தது. கைதிகளின் கையில் அதிகாரத்தைக் கொடுப்பதை அது கடுமையாகக் குறை சொன்னது. சம்பளக் காவலர் வேண்டும், அவர்களுக்கு நல்ல சம்பளமும் பயிற்சியும் வேண்டும் என்பது அதன் போக்கு. அந்தப் பயிற்சி வரத்தான் ரொம்ப நாளாயிற்று. தென் மாநிலச் சிறை அதிகாரிகளுக்கென்று வேலூரில் பயிற்சி நிறுவனம் வந்தது 1979இல்.

அதே 1979இல்தான் டெல்லி திகார் சிறையிலிருந்து ஒரு கைதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். பக்கத்துக் கைதி ஒருவரிடம் பணம் பிடுங்க அவரைச் சித்திரவதை செய்தார்கள் என்பது புகார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்து விசாரித்தது. புகாருக்கு ஆளானவர் ஒரு ஹெட் வார்டர். கைதி இல்லை, சம்பளம் வாங்குகிற அரசாங்க உத்தியோகஸ்தர்.