போர் முடிந்த பிறகு வரும் நோய்

புத்தாண்டு மலரில் குட்டநோயைப் பற்றி ஏன் எழுதவேண்டும் எண்டு சிலர் கேட்கக்கூடும். யுத்தத்தால் நாடு விட்டு நாடு வந்த நாங்கள் அறியவேண்டிய சரித்திரம் இது.

இரங்கூன் நகரில் தாமுவே என்றொரு பகுதி உண்டு. தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் இடம். 1942இல் யப்பானியர் படையெடுத்தபோது பர்மாவிலிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் இந்தியர் தப்பி ஓடினார்கள். பலர் காடு மலை தாண்டி நடந்தே போனார்கள். 1945 மே மாதம் பிரித்தானியப் படை இரங்கூனைத் திரும்பப் பிடித்தது. இந்திய, ஆபிரிக்கச் சிப்பாய்களும் பர்மாவில் சண்டையிட்டு ஊர் திரும்பினார்கள்.

அன்றைய பர்மாவில் தொழுநோய் பரவலாக இருந்தது. 1873இல் நோர்வே மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்த அதன் கிருமி மிக மெதுவாகப் பெருகும். சராசரியாக 5 வருடம், சிலவேளை 20 வருடத்துக்குப் பிறகுதான் தோலில் உணர்ச்சியற்ற தேமல் தோன்றும். அப்போது யாருக்கு யுத்தகாலம் நினைவிலிருக்கும்? 'பரம்பரைச் சாபம்', 'போன பிறவிப் பாவம்' எண்டு குடும்பத்தின் மேல்தான் பழி விழும்.

பிலிப்பைன்சில் சேவை செய்த அமெரிக்கச் சிப்பாய் ஜோன் ஏர்லிக்கு 1908இல் வாஷிங்டனில் இந்நோய் எண்டு சொல்லி, அவரைத் தனியே அடைத்துக் காவல் வைத்தார்கள். அவருடைய கதை நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1917இல் தேசிய வைத்தியசாலைக்குச் சட்டம் வந்தது. 1921இல் கார்வில் இல்லத்தை அரசு பொறுப்பேற்றது. சேவை முடிந்து 3 வருடத்துக்குள் நோய் வெளிப்பட்டால் அதைச் சேவையால் வந்ததாகவே அமெரிக்கச் சட்டம் இன்று கொள்கிறது. நோயோ அந்த 3 வருடக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

சிப்பாய்க்குப் பொருந்துவது அகதிக்கும் பொருந்தும். எங்கட ஆக்களுக்கு மட்டக்களப்பு மாந்தீவு தெரியும். அங்கே நோயாளரைத் தீவில் ஒதுக்கி வைத்த காலம் போய்விட்டது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து 6 மாதத்திலோ 12 மாதத்திலோ நோயை முற்றாக மாற்றும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இயல்பாகவே எதிர்ப்புச் சக்தி உண்டு. மருந்து தொடங்கியதும் தொற்றும் நின்றுவிடும்.

ஆனால் நாங்கள் வந்து சேர்ந்த நாடுகளின் டொக்டர்மார் பலர் இந்த நோயைக் கண்டதேயில்லை. தொட்டால் உணர்ச்சியில்லாத தேமலோ கைகால் விறைப்போ இருந்தால், எந்த ஊரில் பிறந்தோம், எங்கே வாழ்ந்தோம் எண்டு நாங்களே சொல்லவேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் விரல்களும் கண்ணும் கெடும், சொன்னால் சுகம்.